மகனுக்கு எந்த மொழியில் பெயர்? தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

முதலில் நிம்மதி தரும் ஒரு விஷயம். இந்தியாவில் 21 நாளுக்குள் பதிய வேண்டியது குழந்தையின் பிறப்பைத்தான், பெயரை அல்ல. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயர் இடம் காலியாக இருந்தாலும் பிறப்பு பதிவாகிவிடும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதுவும் கடந்தால், தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்க வழி இருக்கிறது. ஆகவே ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டுகிறார்கள் என்பதற்காக, வாட்ஸ்அப்பில் வந்த முதல் பெயரை அவசரமாக எழுதிக் கொடுக்க வேண்டாம்.

அதே சமயம் ஒரு வருடம் முழுக்க இழுத்தடிக்கவும் வேண்டாம். பதிவேட்டில் ஏறிய பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்தலாம். பிடிக்கவில்லை என்று பெயரையே மாற்றுவதற்கு அரசிதழ் வரைக்கும் அலைய வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் பையனோடு கடைசி வரை வரும்.

முன்பெல்லாம் வேலை சுலபம்: மூத்தவனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இளையவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் அல்லது குலதெய்வத்தின் பெயர். இப்போது ஒரே குடும்பத்தில் அண்ணன் டொரண்டோவில், தம்பி கோலாலம்பூரில், அம்மா தஞ்சாவூரில். மருமகள் பஞ்சாபி, அல்லது மருமகன் ஜெர்மானியர். இவர்கள் எல்லோர் வாயிலும் நுழைகிற, எல்லோருக்கும் உரிமையுள்ள ஒரு பெயர் வேண்டும். அப்படித் தேடுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: கட்டாயம் எது, விருப்பம் எது

பெயர்ப் பட்டியலைத் திறக்கும் முன், அப்பாவும் அம்மாவும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். எது இல்லாமல் முடியாது, எது இருந்தால் நன்றாக இருக்கும், எது கூடவே கூடாது. மூன்று வரி போதும். எழுதிவிட்டு மாற்றிப் படியுங்கள். இதைச் செய்யாத வீடுகளில் சண்டை பெயரைப் பற்றி நடப்பதுபோல் தெரியும். உண்மையில் நடப்பது, யார் வீட்டுக் கட்டாயம் பெரியது என்ற சண்டை.

நட்சத்திர எழுத்து பலருக்குக் கட்டாயம். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்றோ மகத்துக்கு ம, மி, மு, மெ என்றோ வந்தால் சிரமமில்லை. அஸ்தத்துக்குப் பு, ஷ, ண, ட என்று வரும்போதுதான் முழிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ணகரமும் டகரமும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். பல குடும்பங்களில் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஜாதகப்படியான பெயரைப் பெயர் சூட்டும் அன்று காதில் மூன்று முறை சொல்லிவிட்டு, பதிவேட்டில் தங்களுக்குப் பிடித்த பெயரை எழுதுகிறார்கள். வங்காளிகளுக்கு இது ஊரறிந்த வழக்கம்: வெளியுலகத்துக்கு ஒரு 'பாலோ நாம்', வீட்டுக்கு ஒரு 'டாக் நாம்'. இரண்டு பண்பாட்டுக் குடும்பங்கள் சேரும் இடத்தில் இதைவிட நல்ல சமாதானம் எனக்குத் தெரியாது. ஒன்று சான்றிதழில், இன்னொன்று வீட்டில். எது சான்றிதழில் போக வேண்டும் என்றால், பையன் எந்த நாட்டில் பள்ளிக்கூடம் போகப்போகிறானோ அங்கே சுலபமாகப் புழங்கும் பெயர் போகட்டும்.

தாத்தா பெயரை வைப்பதென்றால் சம்பந்தி வீட்டு வழக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்குப் பேரன் என்றாலே பாட்டனின் பெயரைத் தாங்கிய பெயரன். ஆனால் மத்திய, கிழக்கு ஐரோப்பா வழிவந்த அஷ்கெனாசி யூதக் குடும்பங்களில் உயிரோடு இருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டார்கள், மறைந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டிக் யூதர்கள் உயிரோடிருக்கும் தாத்தா பெயரை மகிழ்ச்சியாக வைப்பார்கள். ஒரே மதத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, சம்பந்தி வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுப்பது சரியல்ல.

இரண்டாம் படி: எந்த ஊற்றிலிருந்து எடுப்பது

தமிழிலிருந்தே தொடங்குங்கள். தூய தமிழ்ப் பெயர் என்றதும் நாலசைப் பெயராகத்தான் இருக்கும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சங்க காலப் பெயர்களில் பல குட்டிப் பெயர்கள்தான்: பாரி, ஓரி, காரி, நள்ளி, ஆய், பேகன், கபிலன், பரணன், மாறன், சேந்தன், வழுதி. கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த அந்தப் பெயரை இன்று பெர்லினில் ஒரு ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் தடுமாறாமல் படிக்க முடியும். பாரியும் அப்படித்தான். இவற்றை விட்டுவிட்டு, பொருள் தெரியாத 'ஆன்ஷ்' 'யான்ஷ்' என முடியும் பெயர்களைத் தேடி ஏன் அலைய வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இரண்டாவது ஊற்று, பிறமொழிப் பெயரின் பொருளை மட்டும் எடுத்துத் தமிழாக்குவது. இதில் நம்மவர்களுக்குப் பல நூற்றாண்டு அனுபவம். தமிழ்க் கத்தோலிக்கர்கள் யோவானை அருளப்பர் ஆக்கினார்கள், எபிரேய மூலத்துக்கு 'கடவுள் அருளுள்ளவர்' என்று பொருள். லத்தீனில் 'சிறியவர்' என்ற பொருளுள்ள பவுல், சின்னப்பர் ஆனார். இத்தாலியிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி முதலில் தைரியநாதர், பிறகு வீரமாமுனிவர். திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்டன் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றபோது லாசரு என்ற பெயரின் பொருளான 'கடவுளின் உதவி' தேவசகாயம் ஆயிற்று. 2022-இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது உலகம் முழுக்க அந்தத் தமிழ்நாட்டுப் பெயரைத்தான் உச்சரித்தார்கள். மறுபக்கம் வேதாசலம் மறைமலை ஆனதும், சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனதும் இதே வேலைதான். உங்கள் துணைவருக்குப் பெலிக்ஸ் என்ற பெயர் பிடித்திருந்தால், லத்தீனில் அது மகிழ்ச்சியானவன், நம்மிடம் மகிழன் இருக்கிறான். லியோவுக்கு அரிமா, விக்டருக்கு வெற்றி. ஒன்று சான்றிதழுக்கு, மற்றது வீட்டுக்கு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

சில பெயர்கள் ஒலி மாறி ஊர் ஊராகப் போயிருக்கின்றன. எபிரேய யோசேப்பு அரபியில் யூசுப், போர்த்துக்கீசியர் வழியாக நம்மூருக்கு வந்தபோது சூசை. யாக்கோபு ஸ்பெயினில் சந்தியாகோ ஆகி இங்கே சந்தியாகு. ஜான், இவான், ஹுவான், ஷான், அரபி யஹ்யா எல்லாம் ஒரே பெயரின் பிள்ளைகள். கிறிஸ்தவ, இசுலாமியக் குடும்பங்கள் சம்பந்தம் செய்யும்போது இந்தப் பட்டியல் கைகொடுக்கும்: இப்ராகிம், மூசா, தாவூத், சுலைமான், இலியாஸ், ஜக்கரியா. இரண்டு வேதத்திலும் இருப்பவர்கள் இவர்கள். எந்த வடிவத்தை எழுதுவது என்பது மட்டும்தான் கேள்வி.

அரபிப் பெயரில் ஒரு எச்சரிக்கை. 'அப்துல்' தனியாக ஒரு பெயர் அல்ல. 'அப்துல் ரகுமான்' என்றால் அளவற்ற அருளாளனின் அடியான். 'அப்துல்' என்று நிறுத்தினால் 'இன்னாருடைய அடியான்' என்பதில் இன்னார் யார் என்று சொல்லாமல் விட்டதுபோல். படிவங்களில் இரண்டாகப் பிரித்து எழுதினால், வெளிநாட்டுப் பள்ளியில் பையனை வெறும் அப்துல் என்றே கூப்பிடுவார்கள். சேர்த்து ஒரே சொல்லாக, அப்துல்ரகுமான் என்று எழுதிப் பதிவது நல்லது.

மூன்றாவது ஊற்று, மரியாதை. உலகத் தலைவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதில் தமிழ்நாட்டுக்கு இணையான ஊரைக் காண்பது அரிது. லெனின், காஸ்ட்ரோ, இங்கர்சால், சாக்ரடீஸ், நெல்சன், எடிசன், கார்க்கி என்று ஒரே தெருவில் உலக வரலாறே குடியிருக்கும். முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, ஜோசப் ஸ்டாலின் மறைந்தது அதே மாதம் 5. அந்தக் காலத்தின் நம்பிக்கை அந்தப் பெயரில் இருக்கிறது. இது அழகான வழக்கம், விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் இப்போது குழந்தைகள் உலகம் சுற்றப்போகிறவர்கள் என்பதால் இரண்டு விஷயம் பாருங்கள். லெனின், ஸ்டாலின், கார்க்கி எல்லாம் பெற்றோர் வைத்த பெயர்கள் அல்ல, அவர்களே பூண்டுகொண்டவை. கார்க்கி என்றால் ரஷ்ய மொழியில் கசப்பு. அப்புறம், நமக்கு விடுதலையின் அடையாளமாக இருக்கும் ஒருவர் இன்னொரு நாட்டில் கொடுங்கோலராக நினைவில் இருக்கலாம். உக்ரைன் நாட்டு நண்பனிடம் உங்கள் மகன் தன் பெயரை விளக்க வேண்டி வரலாம். விளக்கும் அளவுக்கு உங்களுக்கு அந்தப் பெயரில் பற்று இருந்தால், தாராளமாக வையுங்கள்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிற பெயர்கள். கவின் என்றால் தமிழில் அழகு. ஆங்கிலத்தில் ஏறக்குறைய கவின் என்றே ஒலிக்கும் ஸ்காட்டியப் பெயர் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது, அயர்லாந்தின் கெவினும் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரிதான். மணி நமக்கு மணி, ஐஸ்லாந்தில் 'மானி' என்றால் நிலா. சமீர் சமஸ்கிருதத்தில் தென்றல், அரபியில் இராப்பொழுதில் உடனிருந்து கதை பேசும் தோழன். கமல் என்றால் வடமொழியில் தாமரை, அரபியின் கமால் நிறைவு. மிலன் வடமொழியில் சந்திப்பு, செக், செர்பிய மொழிகளில் அன்புக்குரியவன். ரய்யான் நோன்பு நோற்றவர்கள் நுழையும் சொர்க்க வாசலின் பெயர், அயர்லாந்துக்காரர் காதில் அதுவே ரயன். ரூபன் நமக்கு அழகிய உருவம் உடையவன், பைபிளில் யாக்கோபின் மூத்த மகன். நாதனை ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துக்கு எழுத்து அவர்களுடைய நேத்தன். இப்படி ஒரு பெயர் அமைந்துவிட்டால் பாட்டிகள் இருவரும் தத்தம் பொருளில் கூப்பிட்டுக்கொள்ளலாம், யாரும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

சில மரபுகளில் பெயர் தேர்ந்தெடுப்பதில்லை, அமைகிறது. கானா நாட்டு அகான் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவன் குவாமே, ஞாயிறு என்றால் குவாசி. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானும் கானாவின் முதல் அதிபர் குவாமே என்க்ருமாவும் அப்படிப் பெயர் பெற்றவர்கள்தான். ஒலி பிடித்திருக்கிறது என்று திங்கட்கிழமைக் குழந்தைக்குக் கோஃபி வைத்தால் அங்கே கேள்வி வரும். சீக்கியர்கள் தங்கள் புனித நூலான குரு கிரந்த சாகிப்பைத் திறந்து, கண்ணில் படும் பாடலின் முதல் எழுத்தில் பெயர் வைப்பார்கள். ஹர்ப்ரீத், குர்தீப் போன்றவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, பின்னால் வரும் சிங், கவுர்தான் வேறுபாடு. இன்னும் சில பெயர்கள் ஒரு மக்களுக்கு மட்டும் உரிய பொறுப்பைக் குறிப்பவை. 'கோஹன்' யூதக் குருமாரின் வழியில் வந்த குடும்பப் பெயர், அதை மற்றவர்கள் பையனின் முதற்பெயராக வைப்பது பல யூதர்களுக்கு மனவருத்தம். எங்கிருந்து எடுத்தாலும் அந்த வீட்டு ஆட்கள் யாராவது ஒருவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

மூன்றாம் படி: பொருளைச் சரிபாருங்கள்

இணையத்தில் உள்ள பெயர்ப் பட்டியல்களில் எல்லாப் பெயருக்கும் சூரியன், ஒளி, அமைதி, கடவுளின் பரிசு என்ற நாலு பொருள்தான் சுற்றிச் சுற்றி வரும். நம்பாதீர்கள். 'ஆரவ்' என்றால் அமைதி என்று போட்டிருப்பார்கள். சமஸ்கிருத அகராதியில் ஆரவ என்றால் ஒலி, கூச்சல். நேர் எதிர். பெயர் இனிமையாக இருக்கிறது, வைக்கலாம், ஆனால் தெரிந்து வையுங்கள். 'இவான்' சமஸ்கிருதத்தில் சூரியன் என்பார்கள். அது ஸ்லாவிய மொழிகளின் யோவான். 'ரேயான்ஷ்' அண்மையில் கோத்த பெயர், அதன் முதல் பாதி ஆங்கிலத்தின் ஒளிக்கதிரை நினைவூட்டுவதுதான். 'கியான்' கடவுளின் அருள் என்று இருக்கும், பாரசீகத்தில் அது அரசர்களோடு தொடர்புடைய சொல்.

சரிபார்க்க வழி சுலபம். சமஸ்கிருதம் என்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் அப்படியே. அரபிக்கு உள்ளூர் பள்ளிவாசல் இமாமைக் கேட்டால் உச்சரிப்பையும் சேர்த்துச் சொல்லித் தருவார். மற்ற மொழிகளுக்கு, அந்த மொழி பேசும் ஒருவரிடம் "இந்தப் பெயரில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா? அவருக்கு என்ன வயது?" என்று கேளுங்கள். 'இதன் பொருள் என்ன' என்பதைவிட இந்தக் கேள்வி அதிகம் சொல்லும். நாம் புதுமை என்று நினைக்கும் பெயர் அங்கே கொள்ளுத்தாத்தா பெயராக இருக்கும்.

ஆணா பெண்ணா என்பதும் எல்லை தாண்டினால் மாறும். நிகிதா இங்கே பெண், ரஷ்யாவில் ஆண். அமல் கேரளத்தில் பையன், அரபு நாடுகளில் பெரும்பாலும் பெண். ஆண்ட்ரியா இத்தாலியில் ஆண். மதி, எழில், தமிழ், அருள் போன்று இருபாலுக்கும் பொதுவான பெயர்கள் நம்மிடம் இயல்பு என்பதால் நமக்கு இதில் பதற்றம் வேண்டாம், ஆனால் போகும் நாட்டின் வழக்கம் தெரிந்திருக்கட்டும்.

வரலாற்றுச் சுமையையும் பாருங்கள். ஆர்யன் என்ற பெயர் இந்தியாவில் சாதாரணம். ஜெர்மனியில் அந்தச் சொல் நாஜிகளின் இனவெறியோடு பிணைந்தது. அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் பையன் தலையில் அதை ஏற்றாமல் இருப்பது நல்லது.

நான்காம் படி: வாயில் வைத்துப் பாருங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பிடித்த பெயர்களை ஐந்தாறாகக் குறைத்த பிறகு, ஒவ்வொன்றையும் மூன்று பேரிடம் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள்: ஊரில் இருக்கும் பாட்டி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு குழந்தை, தொலைபேசியில் பேசும் முன்பின் தெரியாத ஒருவர்.

பாட்டி சோதனை ஏன் என்றால், ஈலை என்று அமெரிக்கர்கள் அழைக்கும் பைபிள் பெயர் ஒன்றை அப்படியே எழுத்துக்கூட்டிப் படித்தால் நம் பாட்டிக்கு எலி. எங்கள் உறவில் ஒரு குழந்தைக்கு நோவா என்று வைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, பெரியம்மா இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அப்புறம், "புள்ளைய ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எங்க நோவுதுன்னு கேக்குற மாதிரி இருக்கே, கண்ணு" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. 'காய்' என்று ஒலிக்கும் பெயர் ஹவாய் மொழியில் கடல், ஐரோப்பாவிலும் பிரபலம். நமக்கு அது வாழைக்காயும் கத்தரிக்காயும்.

எதிர்த் திசையிலும் பாருங்கள். ஹர்ஷித் என்பதை வடநாட்டு முறையில் ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி நான்கு எழுத்து ஒரு கெட்ட வார்த்தை. நம் தென்னாட்டு வழக்கப்படி கடைசியில் ஓர் எழுத்து சேர்த்து எழுதினால் கொஞ்சம் தப்பிக்கலாம், ஆனாலும் பள்ளிக்கூடப் பையன்கள் விட மாட்டார்கள்.

கூப்பிடும் தொனியையும் மறக்காதீர்கள். தெருமுனையிலிருந்து நீட்டிக் கூப்பிட வேண்டும், கோபத்தில் சுருக்கிக் கூப்பிட வேண்டும், கொஞ்ச வேண்டும். நீளமான பெயர் வைத்தால் அதை வெட்டித்தான் கூப்பிடுவார்கள். எப்படி வெட்டுவார்கள் என்று முன்கூட்டியே பாருங்கள். இளங்கோவனை 'இளா' என்றால் இனிமை. சில பெயர்கள் வெட்டினால் விகாரமாகும்.

ஐந்தாம் படி: எழுத்தில் வைத்துப் பாருங்கள்

தமிழ்நாட்டில் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். இரண்டு வரிவடிவத்திலும் பெயர் நிற்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் வழக்கு. அதனால்தான் இராமன், இலட்சுமணன், உலோகநாதன், அரங்கன். இன்று ரவி, லோகேஷ் என்று நேராக எழுதுவதே பெரும்பான்மை. எதை எழுதினாலும் ஒன்றையே கடைசி வரை எழுதுங்கள். ஓரிடத்தில் இராகவன், இன்னோரிடத்தில் ராகவன் என்று இருந்தால் பின்னாளில் சான்றிதழ்கள் ஒத்துப்போகாது. பிறமொழி ஒலிகளுக்கு ஜ, ஷ, ஸ, ஹ, ஃப உண்டு. ஆனால் பகரம் ஒன்றே இரு ஒலிக்கும் நிற்க வேண்டும் என்பதால், பிலால் என்று எழுதினால் முதல் எழுத்தை எப்படி ஒலிப்பது என்பது கேட்டுத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

ஆங்கில எழுத்தில்தான் உண்மையான சோதனை. எழிலன் என்ற அருமையான பெயரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ழகரத்துக்கு 'இசட்', 'எச்' இரண்டையும் சேர்த்து எழுதுவோம். யாழ்ப்பாணத்தில் அதே ழகரத்துக்கு ஒற்றை 'எல்' போடுவார்கள். சென்னை முறையில் எழுதிய எழிலனை டொரண்டோ ஆசிரியர் 'எஸ்ஹிலன்' என்பார், ஜெர்மன் ஆசிரியர் 'எட்ஸ்ஹிலான்' என்பார். யாழ்ப்பாண முறையில் எழுதினால் இருவருமே 'எலிலன்' என்பார்கள். ழகரம் போய்விட்டது, ஆனால் பெயரின் உடம்பு பிழைத்தது. என் கருத்தில், வெளிநாட்டில் வளரும் குழந்தைக்கு இரண்டாவதே நல்லது. ழகரத்தை வீட்டில் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம்.

ஜகரமும் இப்படித்தான். ஜீவனை ஆங்கில வழியில் எழுதிக் கொடுத்தால் ஜெர்மானியர் 'யேஃபான்' என்று படிக்கக்கூடும், ஏனெனில் அவர்களுக்கு 'ஜே' யகரம், இரட்டை 'இ' ஏகாரம். ஸ்பானியர் ஹகரமாகச் சொல்வார். மாறன், கபிலன், ஆதன், கவின், மணி போன்றவை இந்த ஆபத்து அதிகம் இல்லாத பெயர்கள்.

எண் கணிதம் பார்ப்பவர்கள், கூடுதல் எழுத்துகளைப் பதிவுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஐந்து வயதில் ஜோசியர் சொன்னார் என்று ஒரு 'ஏ' சேர்த்தால், அந்த ஒற்றை எழுத்துக்காகப் பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் ஒன்றோடொன்று முரண்படும்.

ஆறாம் படி: அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் பெயருக்கு யாரும் தடை சொல்வது அபூர்வம். வெளிநாட்டில் பிரசவம் என்றால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஜெர்மனியில் பதிவு அலுவலர் இது பெயர்தானா என்று ஆதாரம் கேட்கலாம். லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆலோசனை மையம் சான்று தரும், பதிவு அலுவலகங்கள் அதை மதிக்கின்றன. இதில் நமக்கு நெருக்கமான ஒரு வழக்கு உண்டு. இந்திய வம்சாவளிப் பெற்றோர் தங்கள் மகளுக்குக் கிரண் என்று வைக்க விரும்பினார்கள், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்று மறுத்தார்கள். கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2008-இல் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. அதனால் மதி, எழில் போன்ற பெயர்களுக்கும் அங்கே இன்று தடையில்லை.

ஐஸ்லாந்தில் 1991-இல் அமைந்த பெயர்க் குழு இருக்கிறது, புதிய பெயர் அந்த மொழி இலக்கணத்துக்குள் பொருந்துகிறதா என்று பார்க்கும். குடும்பப் பெயருக்குப் பதில் அப்பா பெயரோடு 'சன்' சேர்ப்பது அவர்கள் வழக்கம், நம் முன்னெழுத்து முறைக்கு ஐரோப்பாவில் கிடைக்கும் நெருங்கிய சொந்தம் அது. நியூசிலாந்தில் பட்டங்களைப் போல் ஒலிக்கும் பெயர்களை மறுப்பார்கள். தென்மாவட்டங்களில் சாதாரணமாக வைக்கும் 'பிரின்ஸ்' அங்கே மறுக்கப்படும் பெயர்களில் ஒன்று. ஜப்பானில் பெயருக்கு அனுமதித்த எழுத்துகள் தனிப் பட்டியலாகவே இருக்கின்றன. பெயர் அந்த எழுத்துகளில் இருந்தாலும், 1993-இல் ஒரு தந்தை மகனுக்குச் 'சாத்தான்' என்று பொருள்படும் பெயரைப் பதிய முயன்று பெரும் சர்ச்சையானது.

ஏழாம் படி: முன்னெழுத்தா, குடும்பப் பெயரா

தமிழர்கள் அதிகம் அவதிப்படுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். இப்போது பலர் அம்மா பெயரின் எழுத்தையும் சேர்க்கிறார்கள், நல்ல மாற்றம். ஆனால் பாஸ்போர்ட்டில் முன்னெழுத்து செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பையன் பெயர் ஒரு பெட்டியில், குடும்பப் பெயர் இன்னொரு பெட்டியில்.

குடும்பப் பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தால் சிக்கல் வரும். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதற்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கம் ஏறும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க மறுத்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். இந்தத் தலைவலி குழந்தைக்கு வேண்டாம். அப்பா பெயரோ அம்மா பெயரோ ஒன்றை இரண்டாம் பெட்டியில் எழுதிவிடுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: வெளிநாட்டில் குடும்பப் பெயர் பெட்டியில் உள்ளதைத்தான் "மிஸ்டர்" என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். பெட்டி மாறி எழுதினால் மகனை வாழ்நாள் முழுக்க அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். அப்புறம், இரண்டு பெயரும் சேர்ந்து எவ்வளவு நீளம் என்று பாருங்கள். அப்பா பாலசுப்பிரமணியன் என்றால் மகனுக்குப் பாரி, ஆதன், கவின் போன்ற குட்டிப் பெயரே தோது. மலேசியாவில் இரண்டுக்கும் நடுவில் 'மகன்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம் வரும், சிங்கப்பூரில் ஆங்கிலச் சுருக்கம்.

கடைசிப் படி: ஒத்திகை, பிறகு பதிவு

இரண்டு பெயர் மிஞ்சியதும், ஒன்றைத் தேர்ந்து ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் அந்தப் பெயரால் மட்டும் குழந்தையைக் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் மற்றது. தூக்கக் கலக்கத்தில் நள்ளிரவில் பால் கொடுக்கும்போது எந்தப் பெயர் தானாக வாயில் வருகிறதோ, அதற்கு என் ஓட்டு. தாயின் சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுங்கள். அதிகம் கூப்பிடப்போவது பெரும்பாலும் அவர்தான்.

முடிவானதும் ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் பெயரைத் தெளிவாக எழுதி, பெற்றோர் பெயர்களையும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதி, அந்தத் தாளையே பதிவு அலுவலகத்தில் கொடுங்கள். வாயால் சொல்லி எழுதவைக்க வேண்டாம். சான்றிதழ் அச்சாகும் முன் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்: ன, ண, ந குழம்பியிருக்கிறதா, ல, ள, ழ சரியா, ஆங்கிலத்தில் இடைவெளி தப்பாக விழுந்திருக்கிறதா. எல்லாம் சரியாக இருந்தால் நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தடுப்பூசி அட்டையில் 'பேபி ஆஃப்' என்று எழுதியிருக்கும் இடத்தில் இந்தப் பெயரை அதே எழுத்துகளில் எழுதச் சொல்லுங்கள்.